ஈரத்துணியில் முளைத்த உளுந்து வயலில் ஏன் பாதிதான் வந்தது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. போன தையில் அறுத்த சொந்த உளுந்தைச் சாக்கில் கட்டி வீட்டில் வைத்திருந்தீர்கள். ஆடியில் விதைக்கும் முன் ஈரத்துணியில் முடிந்து பார்த்தபோது நூற்றுக்கு 85 முளைவிட்டது. அதை நம்பி ஏக்கருக்கு 8 கிலோ வீதம் செம்மண் மானாவாரியில் விதைத்தீர்கள். மூன்றாம் நாள் கனமழை, அதற்கப்புறம் சுள்ளென்று வெயில். இன்று ஒன்பதாம் நாள், பாதிப் பயிர்தான் தலைகாட்டியிருக்கிறது. விதை கெட்டுப்போனதா, ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரைக் கலக்காததா, அடுத்த முறை ராத்திரி முழுக்க ஊறவைத்து விதைக்கலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: துணியில் முளைத்தது மண்ணில் ஏன் முளைக்கவில்லை?

ஈரத்துணிச் சோதனை விதைக்கு உயிர் இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். அங்கே தண்ணீர் தட்டுப்பாடு இல்லை, வெயில் இல்லை, பூஞ்சாணம் குறைவு, தூக்க வேண்டிய மண்ணும் இல்லை. வயலில் அந்த விதை மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, அழுகாமல் தாக்குப்பிடித்து, மேலே கிடக்கும் மண்ணை முட்டித் திறந்துகொண்டு வரவேண்டும். இதற்கு வேண்டியது வீரியம். சேமிப்பில் விதை முதுமையடையும்போது முதலில் போவது வீரியம், உயிர் போவது அதற்குப் பிறகு. அதனால் 85 என்ற எண் உங்களை ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதிச் செய்திதான்.

எது காரணம் என்று இங்கே உட்கார்ந்து யாரும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. நீங்கள் சொல்லலாம், அதற்கு ஒரு களைக்கொத்து போதும். முளைக்காத இடமாகப் பார்த்து, விதைத்த சாலில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மேல்மண்ணை மெல்ல விலக்குங்கள். வெட்டிப் புரட்ட வேண்டாம், கொத்தைப் படுக்கவைத்துச் சுரண்டினால் போதும். வயலில் நான்கைந்து இடத்தில் இப்படிச் செய்து, கிடைக்கும் விதைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்புங்கள். அந்த விதை இருக்கும் நிலையே காரணத்தைச் சொல்லிவிடும்.

விதை போட்டபடியே கறுப்பாக, கெட்டியாக, ஊறாமல் கிடந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அந்த இடத்தில் ஈரம் எட்டவில்லை. பெரிய கட்டிகளுக்கு நடுவே விழுந்த விதைக்கு மண்ணோடு ஒட்டுதல் இருக்காது, சுற்றிலும் காற்றுதான் இருக்கும். பயறு விதை முளைக்கவேண்டுமானால் ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான தண்ணீரைக் குடித்தாக வேண்டும். நெல்லும் சோளமும் அவ்வளவு கேட்பதில்லை. இன்னொன்று கடின விதை. முளைகட்டப் பச்சைப்பயறு ஊறவைக்கும்போது அடியில் கல்லாகச் சில கிடக்குமே, அதுவேதான். பயறு வகை விதையின் தோலில் நீர் புகாத அடுக்கு ஒன்று உண்டு. உளுந்தின் பக்கவாட்டில் தெரியும் வெள்ளைத் தழும்பு, காற்று காய்ந்திருக்கும்போது திறந்து உள்ளீரத்தை வெளியே விடும், ஈரக்காற்று வந்தால் மூடிக்கொள்ளும். அதனால் அளவுக்கு மீறிக் காய்ந்த விதையில் இப்படி ஊறாதவை கூடும். எது என்று பிரித்தறிய, தோண்டியெடுத்த விதையை ஒரு நாள் தண்ணீரில் போடுங்கள். ஊறிப் பருத்தால் வயலில் ஈரம் போதவில்லை. அப்போதும் கல்லாகவே கிடந்தால் கடின விதை. துணியில் 85 முளைத்திருப்பதால் உங்கள் விதையில் கடின விதை பெரிய பங்கு வகிக்க வழியில்லை. அப்படியே அகப்பட்டாலும் செத்த விதை என்று எண்ணிவிடாதீர்கள். சான்று விதைக்கு, அதாவது தரச்சான்று பெற்ற விதைக்கு, உளுந்தில் குறைந்தது 75 சதவீத முளைப்புத்திறன் இருக்கவேண்டும் என்ற விதியிலேயே கடின விதையையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

விதை ஊதிப் பருத்து, அழுத்தினால் கூழாகப் பிதுங்கி, நாற்றம் அடித்தால் அழுகல். மேலே வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ நூல் படர்ந்திருக்கும். விதையோடு வந்த பூஞ்சாணமாகவும் இருக்கலாம், மண்ணில் இருந்ததாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனால் இது திட்டுத் திட்டாகப் பள்ளப் பகுதியில் மட்டும் இருந்தால் தண்ணீர் தேங்கியதுதான் மூலகாரணம். முளைக்கத் தொடங்கிய விதை வேகமாக மூச்சுவிடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றாலே காற்றில்லாமல் திணறிச் சாகும், பூஞ்சாணம் அதற்குப் பிறகு வந்து தின்னும். வயல் முழுக்க ஒரே சீராக அழுகல் இருந்தால் பழைய விதை, அடிபட்ட விதை, பூஞ்சாண மருந்து கலந்து நேர்த்தி செய்யாத விதை என்ற பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள்.

முளைவேர் அரை விரற்கடை வந்து, பழுப்பாகி, நூல்போலச் சுருண்டு காய்ந்திருந்தால் அது மானாவாரிக்கே உரிய சாவு. தூறல் அளவுக்கு ஒரு மழை, விதை ஊறுகிறது, வேர் எட்டிப்பார்க்கிறது, அதோடு ஈரம் தீர்ந்துவிடுகிறது. வேர் வெளிவராத வரைக்கும் ஊறிய விதை மறுபடி காய்ந்தாலும் பிழைத்து அடுத்த மழைக்கு முளைக்கும். வேர் வந்துவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். நீங்கள் சொன்ன மழைக் கணக்கைப் பார்த்தால் இது நடந்திருக்கச் சாத்தியம் குறைவு. மண்மேட்டுப் பகுதியில் கொஞ்சம் இருக்கலாம்.

விதையே அகப்படவில்லை என்றால் எறும்பு, எலி, கௌதாரி, மயில். மேலே வந்த பயிரின் பருப்பு (விதையிலை) இரண்டும் கிள்ளப்பட்டு மொட்டைத் தண்டு நின்றால் பறவைதான். இதற்கும் முளைப்புத்திறனுக்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் வயலில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ஐந்தாவது நிலை என்று நினைக்கிறேன். விதை நன்றாக முளைத்திருக்கும், வேர் வெள்ளையாக நீண்டிருக்கும். ஆனால் தண்டு மேலே வராமல் பொருக்குக்கு (மழைக்குப் பின் ஓடுபோல இறுகிய மேல்மண்ணுக்கு) அடியில் படுத்து, வளைந்து, சுருண்டு, சில இடத்தில் கழுத்து ஒடிந்து கிடக்கும். மேல்மண்ணைப் பெயர்த்தால் ஓட்டுச் சில்லுபோலத் தகடாக வரும், அதன் அடியில் வெளிறிய மஞ்சளாக முளைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். செம்மண், விதைத்த மூன்றாம் நாள் கனமழை, உடனே வெயில். இந்த மூன்றும் சேர்ந்தால் பொருக்குக் கட்டாமல் இருப்பதுதான் அபூர்வம். துளியின் வேகத்தில் மேல்மண் குழைந்து, துகள்கள் அடைந்து, வெயிலில் இறுகிவிடும். உளுந்து மேலே வர நான்கைந்து நாளாகும், ஆக பொருக்கு இறுகிய நேரமும் முளை முட்டுகிற நேரமும் ஒன்றாகிவிட்டன.

இதில் உளுந்துக்குத் தனியாக ஒரு கஷ்டம் உண்டு. துவரையும் கொண்டைக்கடலையும் தங்கள் பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு மெல்லிய குருத்தை மட்டும் மேலே அனுப்பும். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு மூன்றும் அப்படியில்லை. தண்டு கொக்கிபோல வளைந்து மண்ணை முட்டித் திறந்து, பருப்பு இரண்டையும் இழுத்துக்கொண்டே மேலே வரும். அதனால் பொருக்கின் பாதிப்பு இவற்றுக்குத்தான் அதிகம். ஆழத்தையும் இதனால்தான் 2 முதல் 3 செ.மீ.க்குள் நிறுத்தச் சொல்கிறோம். 5 செ.மீ.யைத் தாண்டினால் நல்ல விதையும் பாதி வழியில் சேமிப்புத் தீர்ந்து நின்றுவிடும். கலப்பைச் சாலில் கையால் போட்டு மூடும்போது இந்த ஆழம் சுலபமாகத் தவறும். தோண்டும்போது ஒரு அளவுகோலையும் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

களைக்கொல்லி அடித்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. விதைத்த மூன்றாம் நாளையொட்டிப் பெண்டிமெத்தலின் அடித்து, அதன்மேல் கனமழை கொட்டியிருந்தால், லேசான மண்ணில் மருந்து விதை இருக்கும் இடத்துக்கே இறங்கியிருக்கும். அதன் அடையாளம் வேறு: தண்டு மண்மட்டத்தில் தடித்து வீங்கியிருக்கும், தொட்டால் முறியும், வேர் குட்டையாக மொண்ணையாக இருக்கும். சுருண்டு கிடந்தாலும் தண்டு மெலிந்து நீண்டிருந்தால் அது பொருக்கின் வேலை.

பொருக்குதான் என்று தெரிந்தால், முளை வெளிவரும் நாட்களிலேயே லேசாகத் தண்ணீர் தெளித்து மண்ணை இளக்கினால் பெருமளவு காப்பாற்றலாம். மானாவாரியில் அது நடவாது. முள்கொம்பைக் கட்டி மேலாக இழுப்பது பழைய வழி, வேலை செய்யும், ஆனால் ஐந்தாம் ஆறாம் நாளில் செய்யவேண்டும். ஒன்பதாம் நாள் என்றால் அடியில் இருக்கும் முளை இன்னும் வெள்ளையாக, விறைப்பாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் செய்யுங்கள். பழுத்துத் துவண்டிருந்தால் ஏற்கெனவே வந்த பயிரையும் கெடுப்பதோடு சரி. நிரந்தரத் தீர்வு மண்ணில்தான். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ, அதோடு 800 கிலோ சுண்ணாம்பும் இடுவது மேல்மண் இறுக்கத்துக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரை. என் கருத்தில் முதலில் எருவைப் பிடியுங்கள், சுண்ணாம்பை மண் பரிசோதனை பார்த்துப் போடுங்கள். மண் ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து மிகுந்ததாக இருந்தால் அந்தச் செலவு வீண்.

இனி விதைக்கு வருகிறேன். பொருக்கு காரணம் என்றாலும் விதை முழுக்கத் தப்பித்துவிட முடியாது. அதே பொருக்கை வீரியமான விதை கொஞ்சமாவது உடைத்துக்கொண்டு வரும். தையில் அறுத்த விதை பங்குனி, சித்திரை, வைகாசி வெக்கையைச் சாக்குக்குள் கடந்திருக்கிறது. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதைத் தொழிலில் நெடுநாளாக உள்ள கட்டைவிரல் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டால், காயாத விதையைச் சூடான வீட்டில் வைப்பது இரட்டை அடி. உளுந்து 9 சதவீத ஈரத்துக்குக் காயவேண்டும். கருவி இல்லாவிட்டால் பல்லில் வைத்துக் கடியுங்கள்: டக்கென்று இரண்டாக உடையவேண்டும், பல் பதிந்தால் காயவில்லை. ஆனால் 9 சதவீதத்துக்குக் காயவைத்ததைச் சாக்கில் கட்டினால் மழைக்கால ஈரக்காற்றைக் குடித்து மறுபடி 12, 13க்கு ஏறிவிடும். சாக்கு மூச்சுவிடும், அதுதான் அதன் குறை. நன்றாகக் காய்ந்த விதைக்கு மூடி இறுகிய தகர டப்பாவோ பிளாஸ்டிக் டிரம்மோ மேல். காயாத விதையை டிரம்மில் அடைத்தால் புழுங்கிச் செத்துவிடும், அதற்குச் சாக்கே தேவலை. காயவைக்கும்போது உச்சிவெயிலைத் தவிர்த்துக் காலையிலும் மூன்று மணிக்கு மேலும் பரப்புங்கள். வண்டு விழாமல் இருக்க 100 கிலோ விதைக்கு 1 கிலோ செறிவூட்டிய களிமண் தூள் கலப்பது போதும். வண்டு துளைத்த விதை துணியில் முளைத்துவிடக்கூடும், வயலில் பருப்பு பாதி தின்னப்பட்டிருப்பதால் நோஞ்சானாக நிற்கும். உங்கள் 85ல் அப்படி எத்தனை என்று சாக்கில் மிச்சம் இருப்பதை ஒரு கைப்பிடி அள்ளி எண்ணிப் பாருங்கள்.

விதை அடிபட்டிருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. டிராக்டரை ஏற்றி மிதித்த விதையில், அதுவும் மொறமொறவென்று காய்ந்த பிறகு மிதித்ததில், தோலில் மயிரிழைக் கீறல் விழும். முளைவேர் தோலுக்கு நேர் அடியில் இருப்பதால் சின்ன அடியே அதற்குப் போதும். இதைப் பார்க்க எளிய வழி உண்டு. நூறு விதையைத் தண்ணீரில் போட்டு கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள். தோல் அதற்குள் சுருங்கி, பொம்மி, பிதுங்கியவை கீறல் விழுந்தவை. நல்ல தோல் அவ்வளவு சீக்கிரம் தண்ணீரை விடாது.

அடுத்த முறை துணிச் சோதனையோடு மணல் சோதனையும் செய்யுங்கள். சாக்கின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் அள்ளிக் கலந்து, பொறுக்காமல் 200 விதை எண்ணுங்கள். நூறு துணிக்கு, நூறு மணலுக்கு. துணியை நனைத்துப் பிழிந்துவிடவேண்டும், சொட்டக் கூடாது. நான்காம் நாள் ஒருமுறையும் ஏழாம் நாள் கடைசியாகவும் எண்ணுங்கள். வெள்ளை நுனி எட்டிப்பார்த்ததையெல்லாம் முளைத்ததாக எண்ணுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. வேர், தண்டு, பருப்பு மூன்றும் ஒழுங்காக இருப்பதை மட்டும் எண்ணவேண்டும். மணலுக்கு ஒரு தட்டில் ஆற்றுமணலை நனைத்துப் பரப்பி, விதை மேல் 3 செ.மீ. மணல் மூடி வையுங்கள். ஐந்தாம் நாள் எத்தனை ஒரே மட்டமாக மேலே நிற்கின்றன என்பதுதான் உங்களுக்குத் தேவையான எண். துணியில் 85, மணலில் 80 என்றால் தைரியமாக விதைக்கலாம். துணியில் 85, மணலில் 60 என்றால் விதை கிழடு தட்டிவிட்டது. அதை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள், வீட்டுக்கு அரைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணத்துக்கு முறைப்படி பார்த்தும் தருகிறார்கள்.

ராத்திரி முழுக்க ஊறவைப்பது பற்றி: வேண்டாம். நன்றாகக் காய்ந்த பயறைத் தண்ணீரில் மூழ்கடித்தால் வெளிப்பக்கம் வேகமாக உப்பி, உள்பக்கம் காய்ந்தே இருக்கும். அந்த இழுபறியில் பருப்பு குறுக்கே வெடிக்கும், உள்ளேயிருக்கும் சர்க்கரையும் உப்பும் தண்ணீரில் கரைந்து வெளியேறும். மண்ணில் அந்தக் கசிவு பூஞ்சாணத்துக்கு விருந்து. தண்ணீருக்கடியில் காற்றும் கிடையாது. இத்தனைக்கும் மேல், வேர் எட்டிப்பார்க்கும் நிலையில் உள்ள விதையை மானாவாரி மண்ணில் போட்டுவிட்டு மழை தவறினால் மொத்தமும் போச்சு. காய்ந்த விதை மண்ணில் காத்திருக்கும், ஊறிய விதை காத்திருக்காது. ஊறவைத்தே ஆகவேண்டுமென்றால் விதையின் அளவில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மூன்று மணி நேரம், பிறகு நிழலில் உலர்த்திப் பழைய உலர்ந்த நிலைக்கே கொண்டுவருவது. விதைக் கடினப்படுத்துதல் என்று சொல்வது இதைத்தான்.

ரைசோபியம் கலக்காததற்கும் முளைக்காததற்கும் தொடர்பில்லை, இதை உறுதியாகச் சொல்லலாம். அது வேரில் முடிச்சு விழுந்து தழைச்சத்து பிடிப்பதற்கு, அந்த வேலை முளைத்த பிறகுதான் தொடங்குகிறது. முளைப்பைக் காப்பது பூஞ்சாண விதைநேர்த்தி: கிலோ விதைக்கு 2 கிராம் கார்பெண்டசிம் அல்லது திரம், விதைப்பதற்கு 24 மணி நேரம் முன்னால். இல்லையென்றால் 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம். ரைசோபியத்தை அதற்கு மறுநாள், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பிசறி, நிழலில் அரை மணி உலர்த்தி உடனே விதைக்கவேண்டும். கஞ்சி அதிகமாகி விதை நொதநொதவென்று குவியலாக மத்தியானம் வரைக்கும் கிடந்தால் தோல் கழன்று, நல்லது செய்யப்போய் முளைப்பே கெட்டுவிடும். டிஏபியை விதையோடு கலந்து போடும் வழக்கம் இருந்தால் அதை விடுங்கள். உரம் விதையைத் தொட்டால் முளைவேர் கருகும், நான்கு விரற்கடை தள்ளிப் போகட்டும்.

மேலே சொன்னதெல்லாம் செம்மண் மானாவாரிக்கு. காவிரிப் படுகையில் நெல் தரிசில் விதைக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பு நிற்கும் நெல்லுக்குள் வீசுகிறார்கள், சிக்கல் மிகை ஈரம். மண் மெழுகுப் பதத்தில் இல்லாமல் சேறாக இருந்தால் விதை புதைந்து அழுகும், காய்ந்துவிட்டால் மேலேயே கிடந்து பறவைக்குப் போகும்.

கடைசியாக, இந்த வாரம் என்ன செய்வது என்பதற்கு ஒரு கணக்கு. நடுத்தர உளுந்து ஆயிரம் விதை சுமார் 45 கிராம், எனவே 8 கிலோவில் 1,75,000 விதைக்கு மேல் இருக்கும். சதுர மீட்டருக்கு 33 செடி என்ற அளவில் ஏக்கருக்கு வேண்டியது 1,33,000 செடி. அதாவது நூற்றுக்கு 75 வந்தால்தான் கணக்கு நேராகும். பாதி வந்திருந்தால் சதுர மீட்டருக்கு 22 செடி. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குச்சிச் சட்டம் கட்டி ஐந்தாறு இடத்தில் வைத்து எண்ணுங்கள். 20க்கு மேல் பரவலாக நின்றால் நான் உழுது அழிக்க மாட்டேன், உளுந்து கிளைத்துக் கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்ளும். எவ்வளவு ஈடுகட்டும் என்பது ரகத்தையும் இனி வரும் மழையையும் பொறுத்தது. திட்டுத் திட்டாக வெறுமை இருந்தால் அந்த இடங்களில் மட்டும் இரண்டு நாளுக்குள், ஈரம் இருக்கும்போதே, பொருக்கைக் கொத்திவிட்டு குழிக்கு இரண்டு விதையாக ஊன்றுங்கள். அதற்கு மேல் தள்ளினால் பின்னால் வந்த செடி முன்னதன் நிழலில் தேங்கும், காய் முற்றுவதும் ஒன்றுசேராது. 12, 15க்குக் கீழே என்றால் மறுவிதைப்பு, அதற்கு இதே சாக்கு விதையை எடுக்கும் முன் மணல் சோதனையைப் போட்டுவிடுங்கள். சோதனை முடியும் ஐந்து நாள் வரை வயலில் ஈரம் நிற்காது என்றால் சான்று விதை வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.